உயரப் பலூனுக்குக் குறைந்த மின்சக்தியில் இருவழி வானொலி: சிங்கப்பூரிலிருந்து தொடங்குவோருக்கு

முப்பது கிலோமீட்டர் உயரம் செல்லும் ரப்பர் பலூனில் சிறு வானொலிப் பெட்டியைக் கட்டி அனுப்பி, அது எங்கே இருக்கிறது என்பதைத் தரையிலிருந்து கேட்டறிவது இன்று பெரிய காரியம் அல்ல. அதே பெட்டிக்குத் தரையிலிருந்து ஒரு கட்டளையை அனுப்பி, அதைப் பெட்டி சரியாகப் பெற்று நிறைவேற்றும்படி செய்வதுதான் கடினம். பலூனிலிருந்து வரும் வழியை மட்டும் சோதித்துவிட்டு, போகும் வழியும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் புறப்படுகிறவர்களே அதிகம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது வழியை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளது.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் குழுக்களையும் வார இறுதியில் மின்னணுவியலில் ஈடுபடுவோரையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன். மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதவும் சால்டரிங் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பிரிட்டனையோ அமெரிக்காவையோ அடிப்படையாகக் கொண்டவை. அங்குள்ள அலைவரிசையும் அனுமதி முறையும் நமக்குப் பொருந்தா. மேல்வானின் குளிர்கூட வேறு.

1. எந்த நாட்டு வானம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கருவி வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் அலைவரிசை, சக்தி, ஆண்டெனாவின் நீளம் ஆகிய மூன்றையும் நாடுதான் தீர்மானிக்கிறது.

சிங்கப்பூர் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டரும் வடக்கு தெற்காக 27 கிலோமீட்டரும் கொண்ட தீவு. பலூன் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறினால் 30 கிலோமீட்டரை எட்ட 100 நிமிடங்கள் ஆகும். சராசரிக் காற்று வினாடிக்கு 10 மீட்டர் என்று மிதமாக வைத்துக்கொண்டாலும், அதற்குள் அது 60 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். ஆக, இங்கிருந்து ஏறும் பலூன் ஜொகூரிலோ ரியாவ் தீவுகளிலோ கடலிலோதான் இறங்கும். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 2ஆம் இணைப்பு, ஆளில்லாப் பலூன் வேறொரு நாட்டின் வான்பரப்பைக் கடப்பதற்கு அந்நாட்டின் அனுமதி வேண்டும் என்கிறது. வானிலை ஆய்வுக்கு மட்டுமே பயன்படும் இலகுவகைப் பலூன்களுக்குத்தான் இதில் விலக்கு உண்டு. இதோடு சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்களையும் ஆகாயப் படைத்தளங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

என் கருத்து இதுதான்: வடிவமைப்பையும் தரைச் சோதனையையும் கயிறு கட்டிய சோதனையையும் சிங்கப்பூரில் செய்யுங்கள், பறக்கவிடுவதை அகன்ற நிலப்பரப்புள்ள நாட்டில், அங்குள்ள பல்கலைக்கழகத்துடனோ அமெச்சூர் வானொலிக் குழுவுடனோ சேர்ந்து செய்யுங்கள். தமிழ்நாட்டில் உறவும் நட்பும் உள்ளவர்கள் அங்கே பறக்கவிட நினைப்பது இயல்பு. ஆனால் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

2. அலைவரிசையும் அனுமதிக்கப்பட்ட சக்தியும்

சிங்கப்பூரில் அலைவரிசைகளைத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் நிர்வகிக்கிறது. குறுந்தொலைவுக் கருவிகளுக்கான அதன் தொழில்நுட்ப விவரக்குறிப்பில் நமக்குப் பயன்படக்கூடிய பட்டைகள் மூன்று: 433.05 முதல் 434.79 மெகாஹெர்ட்ஸ் வரை 10 மில்லிவாட். 866 முதல் 869 வரை 500 மில்லிவாட். 920 முதல் 925 வரை 500 மில்லிவாட். விவரக்குறிப்பு அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்புப் பதிப்பைத் தரவிறக்கி, அந்தப் பக்கத்தை அச்சிட்டு உங்கள் கோப்பில் வையுங்கள். பின்னால் அனுமதி கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இந்த எண்கள் வானொலி மாட்யூலிலிருந்து வெளிவரும் சக்தி அல்ல, ஆண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட கதிர்வீச்சுச் சக்தி. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தரையில் ஒரே திசையில் குவிக்கும் யாகி ஆண்டெனா வைத்து 433 பட்டையில் கட்டளை அனுப்பினால், இருமுனை ஆண்டெனாவை விட யாகி 10 டெசிபெல் கூடுதலாகக் குவிக்கிறது என்பதற்காக மாட்யூலின் சக்தியை 1 மில்லிவாட்டுக்குக் குறைத்தாக வேண்டும். கேட்பதற்கு யாகி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தடையில்லை. அனுப்புவதற்கு அதனால் எந்த ஆதாயமும் இல்லை.

இந்தியாவில் உரிமம் வேண்டாத பட்டை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 923இல் கட்டிய பெட்டியை அங்கே பறக்கவிட முடியாது. இரு நாடுகளுக்கும் பொதுவான இடம் 866 முதல் 868 வரை இருக்கிறது. தமிழ்நாடு உங்கள் திட்டத்தில் இருந்தால் முதல் நாளிலிருந்தே அங்கே வடிவமையுங்கள். மலேசியாவின் அட்டவணை இவ்விரண்டிலிருந்தும் வேறுபடும்; மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் ஆவணத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். 923 பட்டையில் இன்னொரு தொல்லையும் உண்டு. 925 மெகாஹெர்ட்ஸிலிருந்தே கைப்பேசிக் கோபுரங்களின் ஒலிபரப்புப் பட்டை தொடங்குகிறது. உயரத்திலிருக்கும் பலூனுக்கு நூற்றுக்கணக்கான கோபுரங்கள் ஒரே நேரத்தில் தெரியும். ஆகவே 924ஐத் தவிர்த்து 920, 921 பக்கம் இறங்கி நில்லுங்கள். 400.15 முதல் 406 மெகாஹெர்ட்ஸ் வரை வானிலைப் பலூன்களுக்கு உரியது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அமெச்சூர் வானொலி உரிமம் இருந்தால் கூடுதல் சக்தி கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அவ்வுரிமம் வானில் இயங்கும் நிலையத்துக்கும் செல்லுபடியாகும் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடக் கூடாது. குறுந்தொலைவுக் கருவி விதியும் அப்படித்தான். இரண்டையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆய்வு நோக்கத்துக்கு ஆணையம் தனியாகத் தொழில்நுட்பச் சோதனை அனுமதி வழங்குகிறது. கல்வி நிலையத்தின் பெயரில் விண்ணப்பிப்பது சுலபம்.

3. தாளில் கணக்கைப் போடுங்கள்

கணக்கு எளியது. வெட்டவெளியில் ஏற்படும் இழப்பு, டெசிபெலில், 32.4 உடன் மெகாஹெர்ட்ஸ் எண்ணின் மடக்கையை 20ஆல் பெருக்கியும் கிலோமீட்டர் எண்ணின் மடக்கையை 20ஆல் பெருக்கியும் கூட்டினால் வரும். 434 மெகாஹெர்ட்ஸில் 300 கிலோமீட்டருக்கு இது ஏறக்குறைய 134.7, 923இல் 141.3.

முதலில் பலூனிலிருந்து தரைக்கு வரும் கீழிணைப்பு. 1 மில்லிவாட்டைச் சுழியாக வைத்து டெசிபெலில் சொல்லும் அளவு டிபிஎம்; அதன்படி 10 மில்லிவாட் என்பது 10 டிபிஎம். பலூனின் ஆண்டெனாவுக்குப் பெருக்கம் எதுவும் இல்லை என்று வையுங்கள். தரையிலும் பெருக்கமில்லாத ஆண்டெனாவே இருந்தால், வந்து சேர்வது மைனஸ் 124.7 டிபிஎம்.

லோரா என்பது குறைந்த சக்தியில் நெடுந்தொலைவு பேசும் வானொலி முறை. லோரா மாட்யூல்களில் சமிக்ஞையை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்பதை எஸ்எஃப் எண் குறிக்கிறது. எஸ்எக்ஸ்1276 சில்லு, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், எஸ்எஃப் 7இல் மைனஸ் 123 வரையும் எஸ்எஃப் 9இல் மைனஸ் 129 வரையும் எஸ்எஃப் 12இல் மைனஸ் 136 வரையும் கேட்கும். எனவே எஸ்எஃப் 7 போதாது. எஸ்எஃப் 9இல் 4 டெசிபெல் மிச்சம். எஸ்எஃப் 12இல் 11 டெசிபெல் மிச்சம், ஆனால் நேரம் பல மடங்கு கூடும்: 20 பைட் செய்தி எஸ்எஃப் 7இல் 57 மில்லிவினாடியும் எஸ்எஃப் 9இல் 185 மில்லிவினாடியும் எஸ்எஃப் 12இல் 1.3 வினாடியும் எடுத்துக்கொள்ளும்.

அடிவானத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வானொலி அடிவானம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2017இல் ஐரோப்பாவில் 25 மில்லிவாட் லோரா பலூன் ஒன்று 702 கிலோமீட்டர் தொலைவில் கேட்கப்பட்டது. அந்தச் சாதனையைக் காட்டித்தான் பலரும் மாட்யூலை வாங்கவைக்கிறார்கள். அது கீழிணைப்பு மட்டுமே என்பதைச் சொல்வதில்லை.

4. பலூனின் காதில் விழும் இரைச்சல்

பாதை இழப்பு இரு திசையிலும் ஒன்றுதான். இரைச்சல் ஒன்றல்ல. தரையில் இருக்கும் உங்கள் ஏற்பி, சுற்றியுள்ள சில தெருக்களின் இரைச்சலை மட்டும் கேட்கிறது. உயரே இருக்கும் ஏற்பி, பல நூறு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள கார் ரிமோட், வானிலைமானி, தண்ணீர் மீட்டர், தொழிற்சாலைக் கருவி என எல்லாவற்றையும் தடையின்றி ஒரே நேரத்தில் கேட்கிறது. தேக்கா சந்தையின் நடுவில் நின்றுகொண்டு சாலைக்கு அப்பால் இருப்பவர் சொல்வதைக் கேட்க முயல்வது போன்ற நிலை அது. கத்தியாவது பேச வேண்டும், அல்லது நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும்.

எண்ணில் பாருங்கள். 433 பட்டையில் சட்டம் அனுமதிக்கும் 10 மில்லிவாட்டை முழுவதும் பயன்படுத்தினாலும் 300 கிலோமீட்டரில் பலூனுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய மைனஸ் 122.6. மேலே இரைச்சல் 10 டெசிபெல் உயர்ந்திருந்தால் எஸ்எஃப் 9இன் கேட்கும் எல்லை மைனஸ் 119க்கு ஏறிவிடும், கட்டளை விழுங்கப்பட்டுவிடும். எஸ்எஃப் 12இல் அதே கட்டளை 3 டெசிபெல் மிச்சத்துடன் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேரும். 920 பட்டையில் இழப்பு கூடுதலாக இருந்தும், தரையிலிருந்து 500 மில்லிவாட் அனுப்ப முடிவதால் மைனஸ் 112 வரை கிடைக்கிறது. அதே இரைச்சலில் எஸ்எஃப் 9 கூட 7 டெசிபெல் மிச்சம் தரும். ஒருவழிப் பெட்டிக்கு 433 நல்லது என்று படித்திருப்பீர்கள். இருவழிக்கு 866 அல்லது 920 நல்லது என்று நான் சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

இரு திசைகளுக்கும் ஒரே எஸ்எஃப் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கீழே வருவதற்கு எஸ்எஃப் 9, மேலே போவதற்கு எஸ்எஃப் 11 அல்லது 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். பலூனில் இருப்பது ஒரே சில்லு என்பதால், அது அனுப்பி முடித்ததும் எஸ்எஃப் எண்ணை மாற்றிக்கொண்டு கேட்கத் தொடங்க வேண்டும். நிரலில் நான்கு வரி வேலை.

வெளி இரைச்சலைப் போலவே உங்கள் பெட்டியின் சொந்த இரைச்சலும் கெடுக்கும். கேமராவும் மலிவான மின்னழுத்த மாற்றிப் பலகையும் முதன்மைக் குற்றவாளிகள். கேமரா அணைந்திருக்கும்போது கேட்கும் எல்லையையும் ஓடும்போது கேட்கும் எல்லையையும் தனித்தனியாக அளந்து எழுதிவையுங்கள். வேறுபாடு 3 டெசிபெலுக்கு மேல் போனால் கேமராவை அடுத்த பெட்டிக்கு மாற்றுங்கள். ஆண்டெனாவுக்கும் சில்லுக்கும் இடையே, நம் பட்டையை மட்டும் உள்ளே விடும் சா (SAW) வடிகட்டி ஒன்றை வைப்பதும் நல்லது. அது இரண்டு மூன்று டெசிபெலைத் தின்னும், ஆனால் கோபுரங்களின் தாக்குதலிலிருந்து காக்கும்.

5. மின்கலத்தைத் தின்பது பேச்சு அல்ல, கேட்பு

முதலில் உங்கள் பலூன் எந்த வகை என்று பாருங்கள். ரப்பர் பலூன் மேலே போய் வெடித்து இறங்க மூன்று மணி நேரத்துக்குள் ஆகும். எஸ்எக்ஸ்1276 தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஏறக்குறைய 11 மில்லி ஆம்பியர்தான். மூன்று மணிக்கு 33 மில்லி ஆம்பியர் மணி. லித்தியம் ஏஏ மின்கலம் ஒன்றில் 3000 இருக்கும்போது இதில் சிக்கனம் பார்ப்பது வீண்வேலை, எப்போதும் கேட்கவிடுங்கள். சிக்கனம் தேவைப்படுவது இரண்டு இடங்களில். ஒன்று, 12 கிலோமீட்டர் உயரத்தில் நாள்கணக்கில் மிதக்கும் சிறு படலப் பலூன். அதன் மொத்தச் சுமையே 15 கிராம் அளவு, அதாவது ஓர் ஏஏ மின்கலத்தின் எடை. மற்றொன்று, செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்து தேடப்படுவதற்காகக் காத்திருக்கும் பெட்டி.

இவற்றுக்கான கணக்கு: 30 வினாடிக்கு ஒருமுறை எஸ்எஃப் 9இல் 20 பைட் அனுப்ப, 0.185 வினாடிக்கு 29 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 5.4 மில்லி ஆம்பியர் வினாடி. அதன்பின் ஒரு வினாடி மட்டும் கேட்க 11. கேட்பது பேசுவதைப் போல இருமடங்கு. முப்பது வினாடியும் கேட்டால் 330. எனவே கேட்கும் சன்னலை, அதாவது ஏற்பி விழித்துக் கேட்கும் நேரத்தை, சுருக்குவதில்தான் எல்லாச் சேமிப்பும் இருக்கிறது. எஸ்எக்ஸ்1262 சில்லு 5 மில்லி ஆம்பியருக்குள் கேட்கும் என்பதால், புதிதாக வாங்குவோர் அதையே வாங்கலாம்.

சன்னலை எப்போது திறப்பது? செய்தி அனுப்பிய ஒரு வினாடி கழித்துத் திறப்பது பொதுவான முறை. அதிலுள்ள பொறி என்னவென்றால், பலூனின் செய்தியைத் தரை கேட்கத் தவறினால் சன்னல் திறந்ததே தரைக்குத் தெரியாது. மிகவும் தேவையான நேரத்தில் கட்டளை போகாது. இரு பக்கமும் ஜிபிஎஸ் கடிகாரம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள்: ஒவ்வொரு நிமிடத்தின் 15ஆவது வினாடியிலும் 45ஆவது வினாடியிலும் சன்னல் திறக்கும் என்று நிர்ணயித்துவிட்டால், பலூன் ஊமையாகிப் போனாலும் நீங்கள் பேசலாம். எஸ்எஃப் 12இல் செய்தியின் தொடக்கத்தில் வரும் முன்னொலிக்கே 0.4 வினாடி ஆகும் என்பதால், ஒரு வினாடிக்குக் குறைவான சன்னல் வேண்டாம். தரையில் கட்டளையை மனிதர் நேரம் பார்த்துத் தட்டக் கூடாது. வரிசையில் போட்டுவைத்தால் கணினி சரியான வினாடியில் அனுப்ப வேண்டும்.

ஜிபிஎஸ் தொடர்ந்து ஓடினால் பழைய மாட்யூல்கள் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கும். வானொலியில் மிச்சம் பிடித்ததை அது விழுங்கிவிடும். பெட்டி இறங்கிவிட்டது என்று உயரம் நிலைத்துவிட்டதைக் கொண்டு அறிந்ததும், ஜிபிஎஸ்ஸை அணைத்துக் கடைசி இடத்தை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும்படி அமையுங்கள்.

6. கட்டளைகளின் அமைப்பு

குறைவான கட்டளைகளே போதும்: அனுப்பும் இடைவெளியை மாற்று, எஸ்எஃப் மாற்று, கேமராவை நிறுத்து, பலூனை அறுத்துவிடு. ஒரு கட்டளைக்கு 10 பைட் போதும்: பெட்டியின் எண் 1, வரிசை எண் 2, கட்டளை 1, அளவு 2, சரிபார்ப்புக் கையொப்பம் 4. எஸ்எஃப் 12இல் இது ஒரு வினாடிக்குள் போய்விடும்.

வரிசை எண்ணும் கையொப்பமும் ஏன்? யாரோ ஒருவர் உங்கள் கட்டளையைப் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பினால் பெட்டி அதை ஏற்கக் கூடாது. முன்பு வந்த எண்ணுக்குச் சமமான அல்லது குறைந்த எண்ணைத் தள்ளிவிட வேண்டும். அமெச்சூர் பட்டையில் செய்தியை மறைகுறியாக்கக் கூடாது. கையொப்பம் பொருளை மறைக்காததால் அங்கும் பொதுவாக ஏற்கப்படும்.

அறுத்துவிடும் கட்டளையை இரண்டாகப் பிரியுங்கள்: ஆயத்தம் என்று ஒன்று, அறு என்று மற்றொன்று, இரண்டுக்கும் இடையே 60 வினாடிக்கு மேல் போனால் ஆயத்தம் ரத்தாக வேண்டும். நைக்ரோம் கம்பி நைலான் கயிற்றை உருக்கும்போது இழுக்கும் மின்னோட்டம் மைக்ரோகன்ட்ரோலரையே மறுதொடக்கம் செய்துவிடும் என்பதால் அதற்குத் தனி மின்கலம் வையுங்கள். எந்தக் கட்டளையும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில், அல்லது குறித்த எல்லைக்கோட்டைத் தாண்டியதும், பெட்டி தானே அறுத்துக்கொள்ள வேண்டும். வானொலியை மட்டும் நம்பி அறுப்பதாக விண்ணப்பத்தில் எழுதினால் எந்த அதிகாரியும் திருப்தி அடைய மாட்டார், அடையவும் கூடாது.

எஸ்எஃப்பையோ அலைவரிசையையோ மாற்றும் கட்டளைக்கு ஒரு திரும்பும் வழி அவசியம். மாறிய பிறகு பத்து நிமிடத்தில் தரையிலிருந்து ஒரு செய்தியும் வராவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்ப வேண்டும். இல்லையேல் ஒரே ஒரு தவறான எண் உங்களைப் பெட்டிக்கு வெளியே நிறுத்திப் பூட்டிவிடும்.

7. ஜிபிஎஸ்ஸும் ஆண்டெனாவும்

சாதாரண நிலையில் யூ-பிளாக்ஸ் ஜிபிஎஸ் மாட்யூல் 12 கிலோமீட்டருக்கு மேல் இடத்தைச் சொல்ல மறுத்துவிடும். அதை வான்பறப்பு முறைக்கு, அதாவது இயக்க மாதிரி 6க்கு, மாற்றினால் 50 கிலோமீட்டர் வரை வேலை செய்யும். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் இந்த அமைப்பு அழிந்துவிடக்கூடும். ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காமல், நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் படித்துப் பார்த்து, மாறியிருந்தால் மறுபடி எழுதும்படி நிரல் அமையுங்கள். வேறு நிறுவன மாட்யூல்கள் பல 18 கிலோமீட்டரில் நின்றுவிடும். விவரத்தாளில் உயர எல்லையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஆண்டெனாவுக்குக் கால் அலைநீளக் கம்பியும் நான்கு ஆரக்கம்பிகளும் போதும். 434இல் கம்பி ஏறக்குறைய 165 மில்லிமீட்டர், 923இல் 77. பெட்டியின் அடியில் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். நேர் கீழே அதற்குச் செவிடான புள்ளி ஒன்று உண்டு. ஏவிய இடத்திலேயே நின்று கேட்பவருக்கு முதல் சில நிமிடங்களில் சமிக்ஞை குறைவதைக் கண்டு பதற வேண்டாம். தரை ஆண்டெனாவும் செங்குத்தாகவே இருக்கட்டும்.

8. வெப்பமண்டலத்தின் குளிர்

புதியவர்கள் நம்ப மறுக்கும் செய்தி இது: நிலநடுக்கோட்டின் மேல் வானம் ஐரோப்பாவின் மேல் வானத்தைவிடக் குளிரானது. சிங்கப்பூருக்கு மேலே 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல்கிறது. மைனஸ் 50ஐ வைத்து எழுதிய வெளிநாட்டு ஆலோசனை இங்கே குறைபடும்.

லித்தியம் ஏஏ மின்கலத்தின் உத்தரவாதமே மைனஸ் 40 வரைதான். ஆல்கலைன் இங்கே பேச்சுக்கே இடமில்லை. நுரைப்பெட்டிக்குள் மின்கலமும் சில்லும் ஒட்டி இருந்தால் சொந்தச் சூட்டிலேயே தாங்கும். கொள்ளளவைப் பாதியாகவே கணக்கில் வையுங்கள். மலிவான மாட்யூல்களின் படிகம் குளிரில் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, விலகினால் 434இல் அது 4 கிலோஹெர்ட்ஸ். 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் லோரா இதைப் பொருட்படுத்தாது. தொலைவு கூடும் என்று ஆசைப்பட்டு அகலத்தை 7.8க்குக் குறைத்தால் இரு பக்கமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அதற்கு வெப்பச் சமன் செய்யப்பட்ட படிகம் உள்ள மாட்யூல் வேண்டும்.

சோதிக்க உலர் பனிக்கட்டி வாங்குங்கள். அதன் வெப்பநிலை மைனஸ் 78.5, நம் மேல்வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுக்கூடம் கிடைக்காது. ஸ்டைரோஃபோம் பெட்டியில் உலர் பனியைத் தட்டின் கீழ் பரப்பி, சுமைப்பெட்டியை இரண்டு மணி நேரம் வைத்து, அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் பதிவு செய்யுங்கள். சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். வீவக வீட்டின் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் பலகை முழுவதும் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். மின்சாரத்தை உடனே அணைத்துக் காயவிடுங்கள், இணைப்பிகளைச் சிலிக்கனால் மூடுங்கள்.

9. ஒரு கிலோமீட்டரில் முந்நூறு கிலோமீட்டரைச் சோதித்தல்

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒருவர் ஒரு முனையிலும் மற்றவர் மறுமுனையிலும் நின்று பேசிப் பார்ப்பது தொலைவுச் சோதனை ஆகாது. ஆனால் அங்கேயே, கண்ணுக்குத் தெரியும் ஒரு கிலோமீட்டர் நேர்கோட்டில், சமிக்ஞையைக் குறைக்கும் 50 டெசிபெல் தணிப்பானை ஆண்டெனாவுக்கும் சில்லுக்கும் இடையே செருகினால், வெட்டவெளிக் கணக்கின்படி அது ஏறக்குறைய 316 கிலோமீட்டருக்குச் சமம். 30, 20 டெசிபெல் தணிப்பான்கள் இரண்டைத் தொடுத்தால் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாட்யூல் பலகையே ஆண்டெனாபோல் கசியும். 50 டெசிபெலைத் தணிப்பானில் வெட்டினாலும் சமிக்ஞை பக்கவாட்டில் தப்பித்துப் போய்ச் சேரும், நீங்களோ மகிழ்ந்துபோய் வீடு திரும்புவீர்கள். பெரிய மைலோ டின் ஒன்றை எடுத்து, மூடியில் ஆண்டெனா இணைப்பியைத் திருகி, சில்லையும் மின்கலத்தையும் உள்ளே வைத்து மூடுங்கள். மூடியின் விளிம்பைச் செம்பு நாடாவால் ஒட்டுங்கள். யூஎஸ்பி கம்பி எதுவும் வெளியே வரக் கூடாது. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு இணைப்பியை முனையடைத்துச் சோதியுங்கள்: அப்போதும் செய்தி போனால் டின் இன்னும் கசிகிறது.

மேலிணைப்பையும் இதேபோல், தனியாக, கேமரா ஓடும் நிலையில் சோதியுங்கள். நூறு கட்டளைகளில் எத்தனை சேர்ந்தன என்று எண்ணுங்கள். 90க்குக் கீழே இருந்தால் எஸ்எஃப் எண்ணை ஒரு படி உயர்த்துங்கள்.

10. ஆவணம், செலவு, காலம்

விண்ணப்பத்தைத் தொடங்குவதற்கு முன்பே பெட்டியின் எடையை உறுதிசெய்யுங்கள். அனைத்துலக விதிப்படி மொத்தச் சுமை 4 கிலோகிராமுக்குக் குறைந்தால் இலகுவகை. 4 முதல் 6க்குள் நடுத்தரம். அதற்கு மேல் கனரகம். கயிறு அறுவதற்கு 230 நியூட்டன் விசை தேவைப்பட்டால், எடை குறைவாக இருந்தாலும் கனரகத்தில் தள்ளப்படுவீர்கள். எனவே மெல்லிய கயிறே கட்டுங்கள், அதன் அறுபடு விசை எழுதிய விற்பனைத்தாளையும் சேர்த்து வையுங்கள். நடுத்தர, கனரக வகைகளுக்கு வான்போக்குவரத்துப் பிரிவுக்கு ஏழு நாள்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

கேட்கப்படும் விவரங்கள் எங்கும் பெரும்பாலும் ஒன்றுதான்: பலூனின் அளவும் வகையும், சுமையின் எடையும் பரிமாணமும், ஏவும் இடத்தின் ஆயத்தொலைவு, ஏவும் நேரம், ஏறும் திசை, 18,000 மீட்டரைக் கடக்கும் உத்தேச நேரம், முடியும் நேரமும் இடமும், பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசியும். இவற்றை ஒரே பக்கத்தில் அடக்கிவிடுங்கள். அதோடு அலைவரிசை, சக்தி, அனுப்பும் இடைவெளி, தானே அறுத்துக்கொள்ளும் முறை ஆகியவை கொண்ட இரண்டாம் பக்கம், ஏவும் நிலத்தின் உரிமையாளரிடமிருந்து கடிதம், காப்புறுதிச் சான்று. சிங்கப்பூரில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், மலேசியாவில் அந்நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆகியவை வானுக்குப் பொறுப்பு. அலைவரிசைக்கு வேறு அலுவலகம். ஒன்றின் அனுமதி மற்றொன்றின் அனுமதி ஆகாது. இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒன்று முடியட்டும் என்று காத்திருந்தால் பருவமே தாண்டிவிடும். பறக்க நினைக்கும் நாளுக்கு நான்கு மாதங்கள் முன்னதாகத் தொடங்குவது என் ஆலோசனை.

பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தரைக்குழு நனைந்துகொண்டே தேட வேண்டியிருக்கும். மேல்வானக் காற்றின் போக்கோ வேறு கணக்கில் ஓடுகிறது. சிங்கப்பூரின் மேல் 20 கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்று, சராசரியாக 28 மாதச் சுழற்சியில் கிழக்கிலிருந்து மேற்காகவும் மேற்கிலிருந்து கிழக்காகவும் மாறி மாறி வீசும். சென்ற ஆண்டு பறந்த குழுவின் வரைபடத்தை நம்பித் தரை நிலையத்தை நிறுத்தினால் யாகி எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்குள்ள வானிலை ஆய்வகம் நாள்தோறும் பலூன் ஏவி எடுக்கும் மேல்வான அளவுகள் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேம்பிரிட்ஜ் மாணவர் குழு உருவாக்கிய பயணக் கணிப்பானுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவு அதிகம் இல்லை. லோரா மாட்யூல் ஒன்று 10 முதல் 20 வெள்ளி. தரைக்கும் பலூனுக்கும் உதிரிக்குமாக மூன்று வாங்குங்கள். ஜிபிஎஸ் பலகை 25 முதல் 40 வெள்ளி. தணிப்பான்கள், இணைப்பிகள், கம்பிகள் சேர்த்து 50 வெள்ளிக்குள் சிம் லிம் டவரில் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாட்யூல் வாங்கும்போது 433, 868, 915 என்ற வகைகளில் எது என்று பார்த்து வாங்குங்கள். சில்லு ஒன்றே ஆயினும் பலகையிலுள்ள வடிகட்டி வேறு. தவறான வகையும் மேசைமேல் நன்றாகவே பேசும், தொலைவில்தான் காலை வாரும். மின்னணுப் பகுதி மொத்தமும் 200 வெள்ளிக்குள் அடங்கும். பலூனும் ஹீலியமும் பயணமும்தான் பணத்தை இழுக்கும்.

11. பறக்கும் நாளும் திரும்பும் வழியும்

ஏவுவதற்கு முன் கயிற்றில் கட்டிய நிலையில் ஒவ்வொரு கட்டளையையும் ஒருமுறை அனுப்பி, பெட்டி திருப்பி அனுப்பும் ஒப்புகையைப் பாருங்கள்; அறு கட்டளையை மட்டும் கம்பியைக் கழற்றிவைத்துச் சோதியுங்கள். பலூன் ஏறிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தீங்கற்ற கட்டளை ஒன்றை அனுப்பி, எந்த உயரத்தில் எத்தனை தவறுகின்றன என்று குறித்து வாருங்கள். தவறுவது கூடிக்கொண்டே போனால், அறுக்க வேண்டிய தேவை வரும்வரை காத்திராமல் அப்போதே எஸ்எஃப் எண்ணை உயர்த்திவிடுங்கள்.

இறங்கும்போது அடிவானம் சுருங்குவதை மறவாதீர்கள். 1 கிலோமீட்டர் உயரத்தில் அது 130 கிலோமீட்டர். தரையைத் தொட்டதும் செம்பனை மரங்களுக்கிடையே சில நூறு மீட்டருக்கும் குறைந்துவிடலாம். துரத்தும் வாகனம் வெடிப்பதற்கு முன்பே கணித்த இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். பெட்டியின் மேல் மலாயிலும் ஆங்கிலத்திலும், தமிழ்நாடானால் தமிழிலும், இது தீங்கற்ற ஆய்வுக்கருவி என்பதையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாகத் திரும்பும்போது, கம்பிகள் துருத்தும் வெள்ளை நுரைப்பெட்டியை அப்படியே கொண்டுவராதீர்கள். மின்கலங்களையும் நைக்ரோம் கம்பியையும் கழற்றித் தனிப்பையில் இட்டு, அனுமதிக் கடிதங்களின் நகலையும் பொருள் பட்டியலையும் மேலாக வைத்து, கேட்பதற்கு முன்பே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.